குதிரையைத் தாண்டும் வில்

பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு, இயேசு சிலுவையில் மொழிந்த ஏழு வார்த்தைகளும் மனப்பாடம். ரஷ்ய இசையமைப்பாளர் சோபியா குபைதூலினா 1982-ல் எழுதிய ‘ஏழு வார்த்தைகள்’ அந்த வார்த்தைகளை ஒட்டியே ஏழு பகுதிகளாகப் போகிறது. ஆனால் பாட ஆளில்லை. ஒரு செல்லோ, ஒரு பயான், சுற்றிலும் தந்தி வாத்தியக் குழு, அவ்வளவுதான். பயான் என்பது ரஷ்யாவின் பொத்தான் அக்கார்டியன். நம் ஆர்மோனியத்துக்குச் சொந்தம். அதன் துருத்தி விரிவதும் சுருங்குவதும் இங்கே ஒரு பெரிய மூச்சாகவே கேட்கிறது.

செல்லோதான் மகன், பயான் பிதா, தந்திக் குழு ஆவி என்று கேட்பது வழக்கம். அது தெரியாமல் கேட்டாலும் குறையில்லை. தொடக்கத்திலேயே செல்லோ ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. அரைச்சுரம் மேலே, அரைச்சுரம் கீழே என்று வழுக்கி, அந்தச் சுரத்தைக் குறுக்கே கடக்கிறது. நேராக நிற்கும் ஒலியை இன்னொன்று குறுக்கே வெட்டுகிறது. சிலுவையைக் குபைதூலினா தந்தியிலேயே செய்துவிடுகிறார். இந்த நெரிசலுக்கு நடுவே தந்திக் குழு மட்டும் ஜபம்போல அமைதியாக நுழையும்; அப்போதுதான் நமக்கும் மூச்சு வரும். 17-ஆம் நூற்றாண்டில் இதே ஏழு வார்த்தைகளுக்கு இசையமைத்த ஜெர்மானியர் ஷூட்ஸிடமிருந்து, தாகத்தைச் சொல்லும் சிறு இசைத்துண்டு ஒன்றையும் எடுத்தாண்டிருக்கிறார்.

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடனும் ஸ்பெயினின் காதிஸ் நகரத் தேவாலயத்துக்காக இதே வார்த்தைகளைக் குரலில்லாமல்தான் முதலில் எழுதினார். அழகான இசை, ஆறுதலான இசை. எனக்கு நெருக்கமானது குபைதூலினாவுடையதுதான். அவர் ஆறுதலுக்கு அவசரப்படுவதில்லை.

அவருடைய தாத்தா முல்லா, அப்பா தாத்தார் இனத்தவர். குபைதூலினா 1970-ல் ஆர்த்தடாக்ஸ் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர். சோவியத் நாட்டில் வேதத் தலைப்போடு இசையை வெளியிட வழியிருக்கவில்லை. அதனால் இந்தப் படைப்பு அங்கே ‘பார்ட்டிட்டா’ என்ற பொதுப்பெயரில் அச்சானது. பெயரை மறைக்கலாம், அந்தக் குறுக்குக் கோட்டை மறைக்க முடியாது.

முடிவை நெருங்கும்போது நடப்பதைச் சொல்லியே ஆக வேண்டும். வயலின் பழகும் பிள்ளைகளிடம், வில், தந்திகளைத் தாங்கி நிற்கும் ‘குதிரை’ என்ற கட்டையின் பக்கம் போகக் கூடாது என்று சொல்லித் தருவார்கள். போனால் ஒலி கீச்சிடும், வறண்டுவிடும். இங்கே செல்லோ வில் மெல்ல மெல்லக் குதிரையை நோக்கியே நகர்கிறது. நாதம் மெலிகிறது, கண்ணாடிபோல் ஆகிறது. பிறகு வில் குதிரையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுகிறது. அங்கே தந்தி ஒரு சாண்கூட இல்லை. விரல் வைத்துச் சுரம் பிடிக்க இடமில்லை. அந்தத் துண்டுத் தந்தியில் எழும் ஒலி இந்த உலகத்து ஒலியாகத் தோன்றாது. இயேசு தம் ஆவியை ஒப்படைத்ததை இதைவிட எளிமையாக எந்த இசையும் சொல்லி நான் கேட்டதில்லை.

குபைதூலினா 2025 மார்ச்சில் தம் 93-ஆம் வயதில் ஜெர்மனியில் காலமானார். இந்த இசையைத் தேடிப் போனால், ஒலிப்பதிவோடு நிறுத்திவிடாதீர்கள். வாசிப்பவரைக் காட்டும் காணொளியாகப் பாருங்கள். கடைசிப் பத்து நிமிடம் வில் பிடித்த கையை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.