உடற்பயிற்சிக்குப் பின் என்ன உண்பது? – அறிவுரைகள் பற்றி ஒரு மதிப்பீடு

உடல் எடையைக் குறைக்க விரும்புவோருக்கு அறிவுரை கூறுவோர் இன்று எங்கும் நிறைந்துள்ளனர். உடற்பயிற்சிக் கூடத்தின் சுவரொட்டி, புரதப் பொடி டப்பாவின் மேலுறை, நாளிதழின் இணைப்பிதழ், கைப்பேசித் திரை ஆகிய அனைத்திலும் பயிற்சி முடிந்ததும் விரைவாகத் தயாரித்து உண்ணக்கூடிய உணவுகளைப் பற்றிய குறிப்புகளைக் காணலாம். அவை பெரும்பாலும் மூன்று செய்திகளையே திரும்பத் திரும்பக் கூறுகின்றன. ஒன்று, பயிற்சியில் நிறைய ஆற்றல் செலவாகிவிட்டது. எனவே தாராளமாக உண்ணலாம். இரண்டு, பயிற்சி முடிந்த அரை மணி நேரத்திற்குள் உண்ணாவிட்டால் பயன் போய்விடும். மூன்று, தேவையான புரதம் பொடியில்தான் கிடைக்கும்.

இவற்றை நம்பிப் பணம் செலவிடும் மாணவர்கள் பலர் உள்ளனர். மாதக்கணக்கில் உழைத்தும் எடை குறையவில்லையே என மனம் சோர்ந்து பயிற்சியையே கைவிடுவோரும் உள்ளனர். ஆகவே இந்த மூன்று கூற்றுகளையும் சற்று அளந்து பார்ப்பது நன்று.

செலவான ஆற்றல் எவ்வளவு?

முதலில் அலகைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பமே ஒரு கிலோகலோரி. அது ஏறத்தாழ 4,200 ஜூலுக்குச் சமம். உணவுக் குறிப்புகளில் ‘கிலோ’வை விட்டுவிட்டுக் ‘கலோரி’ என்று மட்டும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. இயற்பியல் படிக்கும் மாணவர் இதை அப்படியே எடுத்துக்கொண்டால் விடையில் ஆயிரம் மடங்கு பிழை நேரும்.

இனி ஓர் எளிய கணக்கு. திருச்சி மலைக்கோட்டையின் உயரம் ஏறத்தாழ 83 மீட்டர். 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் அந்த உயரத்திற்கு ஏறுகிறார் என்று கொள்வோம். அவர் புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யும் வேலை 70 × 9.8 × 83, அதாவது சுமார் 57,000 ஜூல். இது 14 கிலோகலோரிக்கும் சற்றுக் குறைவு. ஆனால் தசை என்னும் எந்திரம் தான் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழக் கால் பங்கையே வேலையாக மாற்றுகிறது; மீதி வெப்பமாகிறது. எனவே உடல் உண்மையில் செலவிடுவது 55 கிலோகலோரி அளவே. நடுத்தர அளவுள்ள ஒரு வாழைப்பழத்தில் இருப்பதோ ஏறத்தாழ 100 கிலோகலோரி. மூச்சு வாங்க மலைக்கோட்டை ஏறியவர், ஏறிய கணக்கில் மட்டும் பார்த்தால், அரைப் பழத்தைத்தான் செலவிட்டிருக்கிறார்!

அதே எடையுள்ளவர் அரை மணி நேரம் விரைவாக நடந்தால் சுமார் 150 கிலோகலோரி செலவாகும். இதில் ஏறத்தாழ 35 கிலோகலோரி அவர் நாற்காலியில் அமர்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். எனவே நடையால் கூடுதலாகச் செலவானது 115 அளவே.

இப்போது இக்குறிப்புகளில் அடிக்கடி காணப்படும் ‘சத்துப் பானம்’ ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு வாழைப்பழம், 200 மில்லிலிட்டர் பால், ஒரு கைப்பிடி நிலக்கடலை, ஒரு மேசைக்கரண்டி தேன். இவை ஒவ்வொன்றும் நல்ல உணவே. கூட்டிப் பாருங்கள்: 100, 130, 170, 60, ஆக மொத்தம் 460 கிலோகலோரி. நடந்து செலவிட்டதைப் போல் நான்கு மடங்கு! சத்துள்ளது என்பதும் எடையைக் குறைப்பது என்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவதே இத்தகைய குறிப்புகளின் பெருங்குறை.

கருவிகள் காட்டும் எண்ணையும் அப்படியே நம்புவதற்கில்லை. 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மணிக்கட்டில் அணியும் ஏழு வகைக் கருவிகளை 60 பேரிடம் சோதித்தனர். அவற்றுள் ஆறு கருவிகள் இதயத் துடிப்பை நன்றாகவே அளந்தன. ஆனால் ஆற்றல் செலவை ஒன்றுகூடச் சரிவர அளக்கவில்லை. சிறந்த கருவியிலேயே சராசரிப் பிழை 27 விழுக்காடு. மிக மோசமானதில் 93 விழுக்காடு. பயிற்சி முடிந்தவுடன் எடை பார்க்கும் எந்திரத்தில் ஏறி மகிழ்வதும் பொருந்தாது. அங்கே குறைந்து காணப்படுவது பெரும்பாலும் வியர்வையாக வெளியேறிய நீரே. நீர் அருந்தியதும் அது திரும்பிவிடும்.

அரை மணி நேரக் கெடு

இந்தக் கெடு வெறும் கற்பனையன்று. அதற்கு ஓர் ஆய்வு வரலாறு உண்டு. தசைகள் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளைச் சேமித்து வைத்துப் பயிற்சியின்போது பயன்படுத்துகின்றன. 1988இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், சைக்கிள் பயிற்சி முடிந்தவுடன் மாவுப்பொருள் உட்கொண்டவர்களின் தசைகளில் கிளைக்கோஜன் விரைவாக நிரம்பியது. இரண்டு மணி நேரம் கழித்து உட்கொண்டபோது அது மெதுவாகவே நிரம்பியது. ஆனால் 1997இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, 8 மணி நேரமும் 24 மணி நேரமும் கழித்துப் பார்த்தால் இந்த வேறுபாடு இல்லை எனக் காட்டியது. காலையில் ஒரு போட்டியிலும் அன்று மாலையே மற்றொன்றிலும் கலந்துகொள்ளும் வீரருக்கு முதல் ஆய்வு பயன்படும். நாளுக்கு ஒரு முறை நடக்கும் நமக்கு அவசரம் ஏதுமில்லை.

புரதத்தின் செய்தியும் இத்தகையதே. 2013இல் ஷோன்ஃபெல்டு, அரகான், கிரீகர் ஆகியோர் பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். நாள் முழுவதும் உண்ட புரதத்தின் மொத்த அளவைக் கணக்கில் கொண்டபோது, பயிற்சியை ஒட்டி உண்பதால் தனிப்பயன் ஏதும் புலப்படவில்லை. ஒரு கேள்விக்குக் கிடைத்த விடையை எடுத்து மற்றொரு கேள்விக்குப் பொருத்துவது அறிவியல் ஆகாது.

டப்பாவா, அடுப்படியா?

புரதம் முக்கியம் என்று இந்த அறிவுரைகள் கூறுவதை மறுப்பதற்கில்லை. எடை குறையும்போது கொழுப்புடன் தசையும் குறைய வாய்ப்புண்டு. போதிய புரதமும் பயிற்சியும் தசையைக் காக்க உதவும். புரதம் பசியையும் அடக்கும். ஆனால் அது டப்பாவில்தான் வரவேண்டும் என்பதில்லை. இரண்டு வேகவைத்த முட்டைகளும் ஒரு டம்ளர் பாலும் சேர்ந்தால் சுமார் 19 கிராம் புரதம் கிடைக்கும். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏறத்தாழ 9 கிராம் உண்டு. ஆற்றலோ சுமார் 165 கிலோகலோரிதான். அதுவே சுண்டலாகும்போது தாளிக்கும் எண்ணெயைக் கவனிக்க வேண்டும். ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தருவதால், ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கிலோகலோரியைத் தாண்டிவிடும்.

விரைவில் தயாராகும் உணவு வேண்டுமெனில் முதல் நாள் இரவே பயறு ஊற வைத்தால் போதும். காலையில் நடப்பவருக்குச் சாம்பாருடன் இரண்டு இட்லியும் ஒரு முட்டையும், மாலையில் நடப்பவருக்கு எண்ணெய் குறைத்த சுண்டலும் மோரும் பொருத்தமானவை. முட்டை உண்ணாதவர் முளைகட்டிய பாசிப்பயற்றை வேகவைத்து உண்ணலாம். தாகத்திற்குச் சர்க்கரை கலந்த பானம் வேண்டாம், நீரே போதும். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் மட்டும் பயிற்சியை ஒட்டிய உணவு நேரத்தை மருத்துவரிடம் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும்.

இவற்றை உண்ணும்போது ஒன்றை மறவாதீர்கள். இவை வழக்கமான உணவுக்கு மேற்பட்ட கூடுதல் உணவுகள் ஆகக்கூடாது. பயிற்சிக்குப் பின் உண்பதே உங்கள் காலைச் சிற்றுண்டியாகவோ, முன்கூட்டி உண்ட இரவு உணவின் ஒரு பகுதியாகவோ இருக்கட்டும். உடல் வரவு செலவு பார்ப்பது நாள் முழுவதற்கும், வாரம் முழுவதற்கும்தான்.

இந்த அறிவுரைகளைப் பற்றிய நம் முடிவு இதுவே: புரதத்தை வற்புறுத்துவதும் வீட்டில் சமைக்கத் தூண்டுவதும் அவற்றின் நிறைகள், அளவைச் சொல்லாமல் அவசரத்தை மட்டும் ஊட்டுவது குறை. இனி அத்தகைய குறிப்பொன்றைக் காணும்போது ‘எத்தனை கிராம்? எத்தனை கிலோகலோரி? எந்த உணவுக்குப் பதிலாக?’ என்று கேளுங்கள். இம்மூன்றிற்கும் விடை கூறாத குறிப்பை நம்பிப் பணப்பையைத் திறக்க வேண்டாம். ஆனால் நடையை மட்டும் விட்டுவிடாதீர்கள். எடை மெதுவாகக் குறைந்தாலும் இதயத்திற்கும் இரத்த நாளங்களுக்கும் அது செய்யும் நன்மையைக் கலோரிக் கணக்கில் அளந்துவிட முடியாது.