மாடம் கவிழ்ந்த ஊர்

அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அண்டர் தி டோம்’ ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய திகில் நாவல். படித்தோர் பல்லாயிரவர். படித்து முடித்ததும் புகழ்ந்தோர் பலர். கடைசிப் பக்கத்தை மூடியபோது கடிந்துகொண்டோரும் பலர். “கீழே வைக்க முடியவில்லை” என்று தொடங்கி, “இப்படியா முடிப்பது!” என்று முடிப்போரே மிகுதி. இத்தீர்ப்புகளைத் தொகுத்துப் பார்த்தால் நூலின் தரத்தோடு படிப்போரின் உள்ளமும் புலனாகிறது. ஆகவே, நூலையும் தீர்ப்பையும் ஒருசேர ஆராய்வோம். கதையின் முடிவையும் சொல்லத்தான் வேண்டும். வழக்கே அதைப் பற்றியதாயிற்றே!

மெய்ன் மாநிலத்தில் செஸ்டர்ஸ் மில் என்றோர் சிற்றூர். நிலப்படத்தில் தேடினால் கிடைக்காது. கற்பனையில் எழுந்த ஊர். மக்கள் ஏறத்தாழ 2000 பேர். அக்டோபர் மாதத்து நாளொன்றில், ஊரின் எல்லைக் கோட்டை ஒட்டி, கண்ணுக்குப் புலப்படாத மாடம் ஒன்று கவிழ்கிறது. பறந்து வந்த விமானம் மோதிச் சிதறுகிறது. விரைந்து வந்த வண்டி நொறுங்குகிறது. உள்ளிருப்போரும் வெளியிலிருப்போரும் ஒருவரை ஒருவர் காணலாம், பேசலாம். கை தொட முடியாது. காற்றும் நீரும் கசியும் அளவே நுழையும். இராணுவம் ஏவுகணை வீசிப் பார்க்கிறது, அமிலத்தால் அரித்துப் பார்க்கிறது, கீறல்கூட விழவில்லை. ஒரு வாரம் கடப்பதற்குள் ஊர் சாம்பலாகிறது. மிகச் சிலரே உயிரோடு எஞ்சுகின்றனர்.

ஊரை எரித்தது மாடமா? அன்று! அதை எண்ணிப் பாராமல் இந்நூலை எடைபோடுவது வீண்.

ஊரை ஆண்டோர் யார்?

தேர்ந்தெடுக்கப்பட்ட மூவர் ஊரை ஆள்கின்றனர். முதல்வர் ஆண்டி சாண்டர்ஸ், மருந்துக்கடைக்காரர். சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் தலைவர். மூன்றாமவர் ஆண்ட்ரியா கிரின்னல். வலி தணிக்கும் மாத்திரைக்கு அடிமையான பெண்மணி. இடையில் நிற்பவரே ஜிம் ரென்னி. பழைய கார் வணிகர், பதவியில் இரண்டாமவர், அதிகாரத்தில் ஒரே ஒருவர். வாயைத் திறந்தால் வேதம். கெட்ட வார்த்தை ஒன்றுகூட நாவில் வராது. ஆனால் கிறித்தவ வானொலி நிலையத்தின் பின்புறத்தில் நடப்பதென்ன? மெத் என்னும் கொடிய போதைப்பொருள் காய்ச்சும் தொழில்! ஊர் மன்றத்துக்கும் மருத்துவமனைக்கும் உரிய எரிவாயு உருளைகள் அடுப்பெரிக்க அங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன. முன்னால் துதிப்பாடல், பின்னால் நஞ்சு.

மாடம் கவிழ்ந்ததும் மற்றவர் ஆபத்தைக் கண்டனர். ரென்னி வாய்ப்பைக் கண்டார். காவல்துறைத் தலைவர் முதல் நாளே மாண்டார். அவ்விடத்தில் சொல் கேட்கும் ஆள் அமர்த்தப்பட்டான். ஊர்ச் சண்டியர்களின் மார்பில் காவலர் வில்லை ஏறிற்று. உணவு விற்கும் பேரங்காடி மூடப்பட்டது. பசியும் அச்சமும் கொண்ட கூட்டத்தில் கலவரம் மூட்டப்பட்டது. மூட்டியவரே மறுநாள், “பார்த்தீர்களா, ஒழுங்கு காக்க இன்னும் காவலர் வேண்டும்!” என்கிறார். ஈராக் போரிலிருந்து திரும்பிய டேல் பார்பரா மீது, அவர் செய்யாத கொலைகள் சுமத்தப்படுகின்றன. உண்மையை அச்சிட்ட செய்தித்தாளின் அலுவலகம் தீக்கிரையாகிறது. ஊர் என்ன செய்தது? கை தட்டியது!

மூன்று குற்றச்சாட்டுகள்

வாசகர் கூறும் முதற்குறை, நீளம். ஆயிரம் பக்கம் எதற்கு என்கின்றனர். இக்கதையை 1976-இலேயே தொடங்கிக் கைவிட்டதாகக் கிங்கே நூலின் குறிப்பில் கூறுகிறார். முப்பது ஆண்டுக்கும் மேலாக மனத்தில் கிடந்த கரு. ஓர் ஊரின் உரிமை ஒரே அடியில் பறிபோவதில்லை. இன்று ஒரு கடை மூடப்படும். நாளை ஒரு வில்லை குத்தப்படும். அடுத்த நாள் ஒருவன் சிறைப்படுவான். ஒவ்வொன்றும் சிறிது; ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். அந்தப் படிகளை எண்ணிக் காட்ட இடம் வேண்டும். ஆயினும், உடல் சிதையும் காட்சிகளை அடுக்கிக்கொண்டே போவதற்கு அத்தனை இடம் வேண்டியதில்லை. முதற்குறையில் பாதியை ஏற்கிறோம்.

இரண்டாம் குறை: ரென்னி போன்ற கரிய உள்ளம் உலகில் உண்டா? நல்லவர் வெள்ளை, தீயவர் கருப்பு என்று குழந்தைக்கு வரைந்த படம் போலிருக்கிறதாம். புஷ் குடியரசுத் தலைவராகவும் செனி துணைத் தலைவராகவும் இருந்த காலத்து உறவையே சாண்டர்ஸ்–ரென்னி இணைக்கு மாதிரியாகக் கொண்டதாக நூலாசிரியர் நேர்காணலில் சொல்லியிருக்கிறார். பதவி ஒருவரிடம், பிடி மற்றொருவரிடம். ரென்னியின் ஆட்சி முறையில் நம்பமுடியாதது எது? அச்சத்தை வளர்த்து அதிகாரத்தை அறுவடை செய்வது புதிய வித்தையா?

ஆனால் வாசகர் சொன்ன குறைக்கு அருகில், அவர் சொல்லாத குறை ஒன்று இருக்கிறது. ரென்னியைத் தம் கையாலேயே கொலை செய்பவராகக் காட்டிவிட்டார் கிங். மனம் குமைந்து, குற்றத்தை ஊரறியச் சொல்ல முனைந்த போதகர் லெஸ்டர் காகின்ஸ் ரென்னியின் கையால் மாள்கிறார். ஊழல் ஆவணத்தோடு நேருக்கு நேர் வந்த பிரெண்டா பெர்கின்சும் அவ்வாறே. விளைவென்ன? “இவன் கொலைகாரன், நாம் வாக்களித்தவர் அப்படியல்லர்” என்று படிப்போர் நிம்மதியாக மூச்சு விடுகின்றனர். ரென்னி ஒருவரையும் தொடாமல், கடையை மூடி, வில்லை வழங்கி, பொய்யை மட்டும் பேசியிருப்பாரேயானால் இந்நூல் இன்னும் அச்சமூட்டியிருக்கும். கொலை, கொடுங்கோலனை நம்மிடமிருந்து தள்ளி நிறுத்துகிறது; பொய்யோ பக்கத்து வீட்டில் உட்கார வைக்கிறது.

முடிவு

மூன்றாம் குறையே பெருங்குறையாகப் பேசப்படுகிறது. மாடத்தைக் கவிழ்த்தது யார்? வேற்றுலகக் குழந்தைகள்! விளையாட்டுக்காக! சிறுவர் எறும்புப் புற்றைக் கிளறி வேடிக்கை பார்ப்பதுபோல், மனிதர் துடிப்பதை அவை பார்த்துக்கொண்டிருந்தனவாம். ஆயிரம் பக்கம் நடத்தி வந்து இதைத்தானா காட்டுவது என்று வாசகர் சினங்கொள்கின்றனர்.

நாம் சினங்கொள்ளவில்லை. ஊர் முழுவதும் மேலே பார்த்து வேண்டியதே! தண்டனை என்றார் ஒருவர், சோதனை என்றார் மற்றொருவர். ஊரின் பெண் போதகர் பைப்பர் லிபியோ நம்பிக்கை இழந்தவர். ‘இல்லாதவர்’ என்று பெயரிட்டே தம் வேண்டுதலைச் செய்கிறார். அத்தனை வேண்டுதலுக்கும் பிறகு மேலே இருந்தது என்ன? பொறுப்பற்ற பிள்ளை விளையாட்டு! துன்பத்துக்குப் பின்னே பெருந்திட்டம் உண்டு, பரம நோக்கம் உண்டு என்று ஆறுதல் தேடுவோர் கன்னத்தில் விழுந்த அறை அது. மருமம் பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர் ஏமாந்தனர். அந்த ஏமாற்றமே நூலின் கருத்து. 2013 முதல் 2015 வரை ஓடிய தொலைக்காட்சித் தொடர், மாடத்தின் மர்மத்தையே முன்னிறுத்தி நீண்டது. ஊரின் மனத்தை விட்டுவிட்டு மாடத்தின் பின்னே ஓடினால் கதை நீளும், உண்மை நீளாது.

நமக்குள்ள மாறுபாடு வேறிடத்தில். விடுதலை வந்தது எப்படி? செய்தித்தாள் ஆசிரியை ஜூலியா ஷம்வே, அக்குழந்தைகளுள் ஒன்றின் மனத்தை எட்டி, இரக்கம் வேண்டுகிறாள். சிறுமியாயிருந்தபோது மற்றச் சிறுமியர் தன்னை இழிவுபடுத்தியதையும், அவர்களுள் ஒருத்தி மட்டும் திரும்பி வந்து தன் மேலாடையைக் கொடுத்துச் சென்றதையும் நினைவூட்டுகிறாள். இரக்கம் பிறக்கிறது, மாடம் எழுகிறது. உருக்கமான காட்சியே. நெஞ்சைத் தொடவில்லை என்று சொல்ல மாட்டோம்.

எனினும் கேட்கிறோம்: மேலிருந்தவரிடம் இரந்து பெற்ற இரக்கம் மாடத்தை அகற்றிற்று; ரென்னியை அகற்றியது எது? நச்சுப் புகையும், செத்தவர் எழுந்து வந்தாற்போன்ற மனப்பேயும்! மக்களின் கை அன்று. ஊர்க் கூட்டம் ஒன்று வருகிறது. மாத்திரை மயக்கத்திலிருந்து தன்னைத் தானே மீட்டுக்கொண்ட ஆண்ட்ரியா, உண்மை ஆவணத்தோடு எழுந்து நிற்கிறாள். அடிமை நிலை அறுத்த ஒருத்தி, அடிமை மனம் கொண்ட ஊரின் முன்னே! ஆயிரம் பக்கங்களில் மிக உயர்ந்த இடம் அது. அவள் சுட்டு வீழ்த்தப்படுகிறாள். அவள் விட்ட இடத்திலிருந்து பேச அந்த மன்றத்தில் ஒரு குரல் எழவில்லை.

கிங் தனி மனிதரை நம்புகிறார்: ஒரு பார்பரா, ஒரு ஜூலியா, ஓர் ஆண்ட்ரியா. கூட்டத்தை நம்பவில்லை. கூட்டம் என்றால் அவருக்குக் கலவரம், இல்லையேல் கைதட்டல். பத்துப் பேர் சேர்ந்து “மாட்டோம்” என்று சொல்லும் காட்சி ஒன்றை அவர் எழுதிப் பார்த்திருக்கலாம். தோற்றாலும் எழுதியிருக்கலாம். இதுவே இந்நூலின் உண்மையான குறை. வேற்றுலகக் குழந்தைகள் அல்ல.

தோழர்களே! இந்நூலைப் படியுங்கள், முடிவை ஏசுவதற்கு முன் ஊர்க் கூட்டத்தைப் பற்றிய பக்கங்களை மறுமுறை படியுங்கள். மாடத்தை யார் கவிழ்த்தார் என்று கேட்டு முடித்த பிறகு, கை தட்டியது யார் என்றும் கேளுங்கள். முதற் கேள்விக்கு விடை நூலாசிரியர் தந்துவிட்டார். இரண்டாவதற்கு விடை தர வேண்டியவர்கள், மன்றத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்போர் அனைவரும்.