சார்ல்ஸ்டனைத் தண்ணீரிலிருந்து பாருங்கள்!

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் இருக்கும் சார்ல்ஸ்டனுக்குப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். போய்வந்தவர்கள் எல்லோரும் ஒரே யோசனைதான் சொல்வார்கள்: "நல்ல ஷூவா போட்டுக்குங்க, அது நடந்து பார்க்குற ஊரு." நான் சொல்வது வேறு. ஷூவைக் கழற்றிக் கரையில் வையுங்கள். லைஃப் ஜாக்கெட்டை மாட்டுங்கள். தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டரான ஜெட் ஸ்கீயில் ஏறித் துறைமுகத்தின் நடுவில் போய் நின்று, அந்த ஊரைத் திரும்பிப் பாருங்கள். நடையெல்லாம் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம்.

ஏனென்றால் சார்ல்ஸ்டன் தண்ணீரைப் பார்த்து நிற்கிற ஊர். ஒரு பக்கம் ஆஷ்லி ஆறு, மறுபக்கம் கூப்பர் ஆறு. இரண்டும் கலக்கும் முனையில் பழைய நகரம். 1670-ல் ஆஷ்லியின் மேற்குக் கரையில் குடியேறிய ஆங்கிலேயர்கள், பத்தே ஆண்டுகளில் இந்த முனைக்கு இடம் மாறினார்கள். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸின் பெயர்தான் ஊருக்கு. ஆஷ்லியும் கூப்பரும் சேர்ந்துதான் அட்லாண்டிக் பெருங்கடலே உண்டாகிறது என்று உள்ளூர்க்காரர்கள் பெருமையடித்துக்கொள்வார்கள். அந்தக் கூடலில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மிதந்தபோது, எனக்கும் அது உண்மை என்றே பட்டது!

ஜெட் ஸ்கீ யோசனை என் அண்ணன் மகளுடையது. சார்லட் நகரில் வேலை பார்க்கிறாள். அங்கிருந்து காரில் சுமார் மூன்றரை மணி நேரம். ஜெட் ஸ்கீயின் பின்சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். "அத்தை, திருச்சியில அந்த டிராஃபிக்ல ஸ்கூட்டி ஓட்டுறீங்க. இங்க எதிர்ல வர்றதுக்கு பஸ்ஸா இருக்கு? நீங்கதான் ஓட்டணும்" என்று சொல்லிவிட்டாள். வாழ்க அவள்!

எங்கள் வழிகாட்டி அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெண். கிளம்புவதற்கு முன் கரையிலேயே வகுப்பு எடுத்தாள். ஸ்கூட்டி ஓட்டுகிறவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். ஜெட் ஸ்கீக்கு வெளியே சுழலும் விசிறி கிடையாது. உள்ளே இருக்கும் விசிறி தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கத்துக் குழாய் வழியாகப் பீய்ச்சுகிறது. நாம் ஹேண்டில்பாரைத் திருப்பினால் அந்தப் பீய்ச்சலின் திசைதான் திரும்புகிறது. ஸ்கூட்டியில் ஆபத்து என்றால் முதல் வேலையாக ஆக்ஸிலரேட்டரை விடுவோம். இங்கே விட்டால் பீய்ச்சல் நின்றுபோகும். வண்டி திரும்பாமல் நேரே போய் மோதும். விலகிப் போக வேண்டுமானால் கொஞ்சமாவது முடுக்கிப் பிடித்தபடியே திருப்ப வேண்டும். முன்னால் போகிறவருக்கும் நமக்கும் நிறைய இடைவெளி வேண்டும் என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னதன் காரணம் அப்போது விளங்கியது. மணிக்கட்டில் ஒரு சுருள் கயிற்றை மாட்டிவிட்டாள். தவறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இயந்திரம் அங்கேயே அணைந்துவிடும். நெஞ்சில் பாதி தைரியம் வந்தது அந்தக் கயிற்றால்தான்.

கூப்பர் ஆற்றின் கிழக்குக் கரையில், மவுண்ட் பிளெசன்ட் பக்கமிருந்து புறப்பட்டோம். இறால் படகுகள் கட்டியிருக்கும் ஷெம் கிரீக் ஓடையில் அலை எழுப்பக் கூடாது; ஊர்ந்துதான் போக வேண்டும். ஓரமெல்லாம் உப்பு நீர்ப் புல்வெளி. அதன் சேற்றுக்கு ஒரு தனி வாசம். முதலில் மூக்கைச் சுளித்தவள், திரும்பும்போது அதையே இழுத்து இழுத்து முகர்ந்தேன். ஓடை வாயைத் தாண்டினால் கிராப் பேங்க் என்ற மணல் திட்டு. கூழைக்கடாக்கள் கூடு கட்டும் இடம். அலை அரித்துக் கிட்டத்தட்ட காணாமல் போன திட்டை, துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மணலைக் கொட்டி 2021-ல் மீட்டெடுத்திருக்கிறார்கள். பறவைகள் தலைக்கு மேலே வரிசை பிடித்துப் பறக்க, வழிகாட்டி கையை உயர்த்திச் சுழற்றினாள். 'இனி பறக்கலாம்' என்று அர்த்தம்!

அடடா, அந்த முதல் முடுக்கு! வண்டியின் மூக்கு எழும்பி, பிறகு தாழ்ந்து, தண்ணீரின் மேல்தோலை மட்டும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. முகத்தில் உப்புச் சாரல். நாக்கில் உப்பு. பின்னால் அண்ணன் மகள், "அத்தை, இன்னும் வேகமா!" என்று கத்துகிறாள். வயதை மறந்து நானும் கத்தினேன்.

சற்று நேரத்தில் எதிரே ஒரு சாம்பல் நிற இரும்பு மலை. யார்க்டவுன் என்ற விமானம் தாங்கிக் கப்பல். ஏறக்குறைய 270 மீட்டர் நீளம். 1943-ல் கடற்படையில் சேர்ந்து பசிபிக் போரில் பங்கெடுத்த கப்பல், 1975 முதல் இங்கே அருங்காட்சியகமாக நிற்கிறது. நிலவை முதன்முதலில் சுற்றிவந்த அப்போலோ 8 வீரர்கள் மூவரும் 1968 டிசம்பர் 27 அன்று பசிபிக்கில் வந்து விழுந்தபோது, அவர்களைத் தூக்கி ஏற்றிக்கொண்டது இதே கப்பல்தான். டிக்கெட் வாங்கி மேல்தளத்தில் நடக்கலாம். ஆனால் தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்து அதை அண்ணாந்து பார்த்தால்தான் அதன் உண்மையான பருமன் தெரியும்.

அடுத்தது ராவெனல் பாலம். 2005-ல் திறந்தது. வைரம் போன்ற வடிவத்தில் இரண்டு கோபுரங்கள், ஒவ்வொன்றும் சுமார் 175 மீட்டர் உயரம். அவற்றிலிருந்து விசிறியாக விரியும் எஃகு வடங்கள். இரண்டு கோபுரங்களுக்கும் இடையே 471 மீட்டர் வெட்டவெளி. பாலத்தின் மேலே காரில் வந்தபோது அழகாக இருக்கிறதே என்று நினைத்ததோடு சரி. அடியில் புகுந்தபோது, வண்டிகளின் இரைச்சல் எங்கேயோ உயரத்தில் கேட்க, பாலத்தின் நிழல் எங்கள்மேல் ஓடி மறைய, மயிர்க்கூச்செறிந்தது. மாடி மாடியாகக் கண்டெய்னர் அடுக்கிய கப்பல் ஒன்று அவ்வழியே போனது. 2022-ல் இந்தத் துறைமுகத்தை 52 அடி ஆழத்துக்குத் தோண்டிவிட்டதால் பெரும் கப்பல்களும் தாராளமாக வந்துபோகின்றன. அந்தக் கண்டெய்னர் கப்பல் விட்டுச்சென்ற அலைகளை நேராக மோதாமல் சற்றுச் சாய்வாக எதிர்கொண்டு, இருக்கையிலிருந்து எழுந்து முழங்காலை மடக்கி நின்று ஏறி இறங்கினோம். அதற்கே தனியாகக் காசு கொடுக்கலாம்!

பாலத்தைச் சுற்றித் திரும்பி நகரத்தின் கரையோரமாக வந்தபோது வழிகாட்டி வேகத்தைக் குறைத்தாள். குரலையும் தணித்துக்கொண்டாள். முன்னே தெரிந்தது, தூண்களின் மேல் நீளமாக நிற்கும் ஒரு கட்டடம். 2023-ல் திறக்கப்பட்ட சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம். அது நிற்கும் இடம் கேட்ஸ்டன் துறை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்ட மனிதர்களைக் கப்பல் கப்பலாக இறக்கிய இடம். வட அமெரிக்காவில் அடிமைகள் வந்திறங்கிய துறைமுகங்களில் சார்ல்ஸ்டன்தான் மிகப் பெரியது. கரையில் வரிசையாக மின்னும் மாளிகைகளின் செல்வம், நெல் வயல்களிலும் அவுரித் தோட்டங்களிலும் அவர்கள் சிந்திய வியர்வை. அவர்கள் கண்ணுக்கு இந்தக் கரை எப்படித் தெரிந்திருக்கும் என்பதை, அதே தண்ணீரிலிருந்து பார்க்கும்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை. உல்லாசப் பயணம்தானே என்று அதைத் தாண்டிப் போகாமல், அங்கே நிறுத்திச் சொன்ன அந்தப் பெண்ணின்மேல் எனக்கு மரியாதை கூடியது.

அங்கிருந்து தெற்கே வர வர, ஊரின் உருவம் முழுதாக விரிகிறது. வானளாவிய கட்டடம் ஒன்றுகூட மறைக்கவில்லை; தேவாலயக் கோபுரங்கள்தான் வானத்தைத் தொடுகின்றன. இதனாலேயே 'புனித நகரம்' என்று செல்லப் பெயர். பழைய கட்டடங்களை இடிக்காமல் காக்க 1931-லேயே சட்டம் போட்ட ஊர் இது. அமெரிக்காவில் அதற்கு முன்பு எந்த ஊரும் அப்படிச் செய்யவில்லை. வெள்ளைவெளேரென்று நிற்பது புனித மைக்கேல் தேவாலயம். கொஞ்சம் தள்ளி புனித பிலிப் தேவாலயம். அதன் கோபுரத்தில் ஒருகாலத்தில் விளக்கேற்றிக் கப்பல்களுக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். முனையில் 'பேட்டரி' என்ற கடலோரச் சுவர். அதன் பின்னே அடுக்கடுக்காகத் தாழ்வாரம் வைத்த மாளிகைகள். கடற்காற்று வீட்டுக்குள் புகுந்து வர வேண்டுமென்றே கட்டிய தாழ்வாரங்கள் அவை. அந்தக் காற்று எங்கள் முதுகைத் தடவிக்கொண்டுதான் அந்த வீடுகளுக்குப் போனது.

இயந்திரங்களை அணைக்கச் சொல்லிவிட்டு வழிகாட்டி கதை தொடங்கினாள். 1718-ல் 'கருந்தாடி' என்ற கடற்கொள்ளையன் இந்தத் துறைமுகத்தின் வாசலை அடைத்துக்கொண்டு, கப்பல்களைப் பிடித்து, பயணிகளைப் பணயமாக வைத்தானாம். அவன் கேட்டது தங்கமில்லை. ஒரு பெட்டி மருந்து! கொடுத்தார்கள், விட்டுவிட்டான். அவனோடு சேர்ந்து திரிந்த ஸ்டீட் பானெட், பார்படோஸ் தீவில் நிலபுலனோடு வாழ்ந்த கனவான். அவனை அதே ஆண்டு டிசம்பரில் இந்த முனையில் தூக்கிலிட்டார்கள். இன்று அங்கே ஓக் மர நிழலில் குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

பிறகு சம்ட்டர் கோட்டைக்கு விட்டோம் பாருங்கள், துறைமுக வாயை நோக்கி ஒரே ஓட்டம்! வழியில் ஒரு சின்னத் தீவில் காஸில் பிங்க்னி என்ற பழங்கோட்டை, மனித நடமாட்டமில்லாமல் பறவைகளின் வசம். சிவப்பு மிதவைகளும் பச்சை மிதவைகளும் பாதை காட்டின. கடலிலிருந்து திரும்பும்போது சிவப்பு வலப்பக்கம் இருக்க வேண்டும் என்பது அந்த நாட்டு மாலுமிகளின் பாலபாடம். நாங்கள் வெளியே போனதால் சிவப்பை இடப்பக்கம் விட்டுப் போனோம்.

1829-ல் கருங்கற்களைக் கொட்டித் தீவு உண்டாக்கி, அதன்மேல் எழுப்பத் தொடங்கிய கோட்டை சம்ட்டர். 1861 ஏப்ரல் 12, அதிகாலை 4.30 மணிக்கு கரையில் இருந்த ஜான்சன் கோட்டையிலிருந்து பறந்த முதல் குண்டு இதன்மேல்தான் வெடித்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் அப்படித்தான் தொடங்கியது. 34 மணி நேரக் குண்டுவீச்சுக்குப் பிறகு, கோட்டையைக் காத்த மேஜர் ராபர்ட் ஆண்டர்சன் சரணடைந்தார். மூன்று அடுக்காக நின்ற கோட்டை, பின்வந்த ஆண்டுகளின் முற்றுகையில் நொறுங்கி இன்று குட்டையாகக் கிடக்கிறது. உள்ளே போய்ப் பார்க்கத் தனியே படகு இருக்கிறது. எங்களுக்கு வாய்த்தது வேறு: குண்டு வந்த கரை, கோட்டை, மாடிகளில் ஏறி ஊரார் அந்தக் குண்டுவீச்சை வேடிக்கை பார்த்த பேட்டரி மாளிகைகள் ஆகிய மூன்றையும் தலையைத் திருப்பியே பார்த்துவிடலாம். பாடப்புத்தகத்தில் எத்தனை முறை படித்தாலும் பிடிபடாத தூரங்கள் அங்கே ஒரு நொடியில் பிடிபட்டன.

வடக்கே சல்லிவன் தீவில் மோல்ட்ரி கோட்டை. அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1776 ஜூன் 28 அன்று ஆங்கிலேயக் கப்பல்கள் பொழிந்த குண்டுகளை, பாமெட்டோ மரத்தடிகளால் அடுக்கிய அதன் சுவர் உடையாமல் வாங்கிக்கொண்டது. பாமெட்டோ பனைக் குடும்பத்து மரம். பஞ்சு போல மிருதுவான தடி குண்டின் வேகத்தைக் குடித்துவிட்டது. அதனால்தான் தென் கரோலினாவின் கொடியில் அந்த மரம் நிற்கிறது. பனையையே மாநில மரமாக வைத்திருக்கும் தமிழ்நாட்டிலிருந்து போனவள் நான், கைதட்டாமல் இருப்பேனா?

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கதை. ராபர்ட் ஸ்மால்ஸ், வயது 23, அடிமை. உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் படைக் கப்பலான பிளான்டரை ஓட்டும் வேலை. 1862 மே 13 விடியற்காலை, வெள்ளைக்கார அதிகாரிகள் கரையில் தூங்க, அவர் சக அடிமைகளையும் தங்கள் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டு கப்பலைக் கிளப்பினார். தலையில் கேப்டனின் வைக்கோல் தொப்பி. ஒவ்வொரு கோட்டையருகிலும் சரியான விசில் சமிக்ஞை. சம்ட்டரின் பீரங்கிகளுக்கு முன்னால் பதறாமல் கடந்து, வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கொடியாக ஏற்றி, எதிர்த்தரப்பான வட மாநிலங்களின் கப்பலிடம் போய்ச் சேர்ந்தார். விடுதலை! பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார். தன்னை அடிமையாக வைத்திருந்தவரின் வீட்டையே விலைக்கு வாங்கினார். அவர் போன அதே நீர்வழியில் நாங்கள் நின்றிருந்தோம். அண்ணன் மகள் என் தோளை இறுக்கிப் பிடித்தாள். "அத்தை, இதை யாரும் ஏன் பெரிய படமா எடுக்கல?" என்றாள். நியாயமான கேள்வி!

திரும்பும் வழியில் டால்பின்கள். அரசின் அறிவுரைப்படி ஏறத்தாழ 45 மீட்டராவது விலகியிருக்க வேண்டும். நாங்கள் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். முதுகுத் துடுப்பு ஒன்று, அதன் பக்கத்தில் சின்னது ஒன்று. தாயும் குட்டியும் மூச்சு விடும் சத்தம் 'புஸ்' என்று காதில் விழுந்தது. வேறென்ன வேண்டும்?

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலை நேரத்தையே கேளுங்கள். பிற்பகலில் கடற்காற்று ஏறி அலை கூடும், கோடையில் இடிமழையும் வரும். கறுப்புக் கண்ணாடிக்குக் கயிறு கட்டுங்கள். சன்ஸ்கிரீனைத் தாராளமாகத் தடவுங்கள். போனைக் கரையிலேயே விட்டுவிடுங்கள், கண்ணால் பாருங்கள். நீச்சல் தெரியாதே என்று தயங்காதீர்கள், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏற்றவே மாட்டார்கள். ஓட்ட விருப்பமில்லாவிட்டால் பின்னால் உட்காரலாம். வழிகாட்டியோடு போகும் பயணத்தையே எடுங்கள். அரை மணி வாடகைக்கு எடுத்து ஒரே இடத்தில் வட்டமடித்தால் வேகம் மட்டும்தான் கிடைக்கும், ஊர் கிடைக்காது. வானவில் வரிசை என்ற வண்ண வீடுகள் தண்ணீரிலிருந்து சரியாகத் தெரியாது, அதற்கு நடந்தே போங்கள்.

ஐம்பதைத் தாண்டிய, சேலை கட்டி ஸ்கூட்டி ஓட்டும் ஒருத்தியால் முடிந்தது உங்களால் முடியாதா? சார்ல்ஸ்டன் பக்கம் போக வாய்த்தால், எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.