தோட்டத்து வீட்டில் மேக்பெத்

மேடைக்கென்று எழுதிய துன்பியல் நாடகத்தைப் படமாக்கப் புறப்படுகிறவர் முதலில் தேட வேண்டியது ஒரு வீட்டை. ராஜாவும் கோட்டையும் போய்விட்டன. ஒருவர் சொல்லுக்கு மற்ற எல்லாரும் வாயடைத்துக் கிடக்கும் இடம் இன்று எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதிப் படம் முடிந்த மாதிரி. 2021 ஏப்ரலில் வந்த ‘ஜோஜி’ என்ற மலையாளப் படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதற்காகத்தான். இயக்கம் திலீஷ் போத்தன், எழுத்து ஸ்யாம் புஷ்கரன். ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ தந்த உந்துதல் என்று படமே சொல்லிவிடுகிறது. அவர்கள் கண்டுபிடித்தது எருமேலிப் பக்கத்து ரப்பர் தோட்டத்து வீடு.

எருமேலி நமக்குத் தெரியாத ஊரா? போடி, கம்பம் பக்கம் மாலை போட்டவர்கள் குமுளி ஏறி, பீர்மேடு தாண்டி, முண்டக்கயம் வழியாகப் பேட்டை துள்ளப் போகிற ஊர். வழி நெடுக ரப்பர். ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, மரங்களுக்கு நடுவே தனித்து நிற்கும் வீடுகள். போடி மலையடிவாரத்துக் குரங்கணிக்காரர்களான நமக்கு ரப்பர் வேண்டுமானால் புதிது, அந்த வீடு புதிதில்லை. கொட்டகுடியிலிருந்து போடிமெட்டு வரை ஏலத்தோட்டம் இருக்கும் இடமெல்லாம் அதைப் பார்த்திருக்கிறோம். ஸ்டோர் சாவி பெரியவர் கையில். காய் போட்ட பணம், ஆள் கூலி, உரக்கடை பாக்கி எல்லாம் அவர் கணக்கு. தலை நரைக்கத் தொடங்கிய மகன் ஜீப்புக்கு டீசல் அடிக்க அவர் முன்னால் போய் நிற்பான்.

படத்தில் அந்தப் பெரியவர் குட்டப்பன். சன்னி பி.என். அந்த வேடத்தில் நடித்திருக்கிறார் என்று சொல்லவே மனம் வரவில்லை, அப்படி ஒரு உடம்பு, அப்படி ஒரு பார்வை. அவருக்கு மூன்று மகன்கள். கடைசிப் பையன் ஜோஜி, படிப்பைப் பாதியில் விட்டவன், ஃபகத் ஃபாசில்.

குளத்துக் காட்சி ஒன்று போதும். மோட்டார் குழாயின் வால்வு சேற்றில் சிக்கிக்கொள்கிறது. ஆட்கள் இழுத்தும் வரவில்லை. பெரியவர் தானே இறங்கி, மூச்சைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். அவரை மிஞ்ச அந்த வீட்டில் ஆள் இல்லை என்று நாம் ஒப்புக்கொள்ளும் அதே நேரத்தில் அவர் உடம்பு அவரைக் கைவிடுகிறது. பக்கவாதம். மேடையில் ஒரு அரசனின் பலத்தைச் சொல்லத் தூதுவன் வந்து பத்து வரி பேசுவான். இங்கே ஒரு இரும்புத் துண்டும் சேறும் அதைச் செய்துவிடுகின்றன. கதையின் மற்ற எல்லாமும் இந்தக் குளத்திலிருந்து கிளம்புகிறது, ஏனென்றால் படுக்கையில் விழுந்த பெரியவர் சாகவில்லை. தேறி வருகிறார். அதுதான் ஜோஜியால் தாங்க முடியாதது.

நாடகத்தில் கணவனைக் கொலைக்குத் தூண்டும் சீமாட்டி மேக்பெத், உலக நடிகைகள் ஏங்கும் வேடம். அவளுக்கு வீராவேசமான வசனங்கள் உண்டு. இங்கே அந்த இடத்தில் இருப்பவள் அண்ணி பின்சி. உண்ணிமாயா பிரசாத் அவளை அடுப்படியிலேயே வைத்திருக்கிறார். கொல் என்று அவள் ஒருமுறையும் சொல்வதில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே, கொழுந்தனின் நிலைமையைப் பற்றி அரை வாக்கியம் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறாள். ஜோஜி அப்பாவின் மாத்திரையை மாற்றி வைக்கிறான். அவளுக்குத் தெரியும். வாய் திறப்பதில்லை. கூட்டுக் குடும்பத்துச் சமையற்கட்டில் வளர்ந்த யாருக்கும் அந்த மௌனத்தின் கனம் புரியும். பெரியவரின் சாவு வீட்டில், மாடி அறையிலிருந்து இறங்காமல் இருக்கும் ஜோஜியிடம் வந்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு வரச் சொல்கிறாள் அவள். கொரோனா காலம். அந்தச் சொல்லில் தப்புக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. ஃபகத் கண்ணாடி முன் நிற்கிறார். முகத்தில் பாதி மறைகிறது. கொலைகாரன் தன் நெஞ்சோடு பேசும் நீண்ட தனிமொழிகளை ஷேக்ஸ்பியர் எழுதினார். அதற்கு ஈடாக இந்தப் படம் வைப்பது ஒரு துண்டுத் துணிக்கு மேலே தெரியும் இரண்டு கண்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது, பல இடங்களில் அதிகமாகவும் இருந்தது.

பேச்சை இப்படிக் குறைத்துவிட்டால் நாடகத்தின் கம்பீரம் எங்கே போகும்? ஜஸ்டின் வர்கீஸ் அதை வயலின்களுக்கு ஏற்றிவிட்டார். ஒரு சின்ன வீட்டுக்குள் நடக்கும் சில்லறைத்தனமான சூழ்ச்சிக்கு இவ்வளவு பெரிய இசையா என்று முதலில் தோன்றும். ஆனால் ஷைஜு காலிதின் கேமரா மேலேயிருந்து அந்த ரப்பர் வரிசைகளைக் காட்டும்போது, அந்த இசை இல்லாவிட்டால் இது ஒரு சொத்துத் தகராறாகவே முடிந்திருக்கும் என்று புரிகிறது.

ஒரு மாற்றத்தைப் பற்றி மட்டும் எனக்கு நெடுநாள் தயக்கம் இருந்தது. நாடகத்து அரசன் டங்கன் நல்லவன், விருந்தாளியாக வந்தவன். அவனைக் கொன்ற பாவம் மேக்பெத்தின் தூக்கத்தைத் தின்கிறது. குட்டப்பனோ மகனின் கழுத்தை நெரிக்கிற அப்பன். அவர் செத்தால் நமக்கும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அப்படியானால் குற்றம் இலேசாகிவிடாதா? இலேசாகத்தான் ஆகிறது. அதற்கான விலையைப் படம் கடைசியில் கட்டுகிறது. அடுத்த கொலை பெரியண்ணன் ஜோமோன் மேல். பாபுராஜ் செய்த அந்தக் குடிகார, பாசக்கார மனிதன் போகும்போது நிம்மதி எதுவும் மிஞ்சுவதில்லை. ஜோஜி தன்னையே முடித்துக்கொள்ளப் பார்க்கிறான், அதிலும் தோற்று, அப்பா கிடந்த மாதிரியே அசைவற்றுக் கிடக்கிறான். ஒப்புக்கொண்டால் கண்ணை இமைக்கச் சொல்கிறார் போலீஸ்காரர். மேக்பெத்துக்கு மனசாட்சி இருந்தது. இவனுக்கு அது கடைசி வரை எட்டவில்லை. இந்தக் காலத்துக்கு இதுதான் பொருத்தம் என்பது என் முடிவு. 2021-ஆம் ஆண்டுக்கான கேரள அரசு விருதுகளில் இயக்கம், தழுவல் திரைக்கதை, பின்னணி இசை மூன்றும் இந்தப் படத்துக்குக் கிடைத்தன. உண்ணிமாயாவுக்கும் ஒன்று.

இதே நாடகத்தை அகிரா குரோசவா 1957-இல் ‘இரத்த சிம்மாசனம்’ ஆக்கியபோது, மஞ்சு வேண்டும் என்று ஃப்யூஜி மலைச் சரிவில் கோட்டை செட் போட்டார். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் ஏறுகிற பாதையில் மஞ்சு இறங்கும்போது, வழி தெரியாமல் குதிரையில் சுற்றிச் சுற்றி வரும் அந்த இரண்டு வீரர்கள் நினைவுக்கு வராமல் போவதில்லை. விஷால் பரத்வாஜ் 2003-இல் ‘மக்பூல்’ எடுத்தார். மும்பை தாதா குடும்பம், சூனியக்காரிகளுக்குப் பதில் ஜாதகம் பார்க்கும் இரண்டு போலீஸ்காரர்கள். இரண்டுமே பெரிய படங்கள். ஆனால் ‘ஜோஜி’ அளவுக்கு வீட்டுக்குள் புகுந்தவை இல்லை. அதற்கு முன்னோடி என்று கே.ஜி. ஜார்ஜின் ‘இரைகள்’ (1985) படத்தைச் சொல்லலாம், அதுவும் ரப்பர் தோட்டக் குடும்பம்தான்.

தமிழில் நாம் வேறு வழியில் போனோம். பம்மல் சம்பந்த முதலியார் ‘ஹாம்லெட்’டை ‘அமலாதித்யன்’ ஆக்கினார், அவருடைய ‘மனோகரா’ 1954-இல் திரைக்கு வந்தது. ‘இரத்தத் திலக’த்தில் சிவாஜி ஒதெல்லோவாகவும் ‘சொர்க்க’த்தில் சீசராகவும் வந்து போனார், இரண்டும் படத்துக்குள் நடக்கும் மேடைக் காட்சிகள். அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவன் என்ற முறையில் அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மேடையின் குரலை எடுத்துக்கொண்ட நாம், அந்தக் கதை நடக்கும் வீட்டைத் தேடவில்லை.

குரங்கணிக்குக் கேமரா வராமல் இல்லை. பிரபு சாலமனின் ‘மைனா’ (2010) இங்கேதான் எடுக்கப்பட்டது. லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) ஏலக்காய் மூட்டை தூக்கும் ரங்கசாமியின் கதை. ஒரு துண்டு நிலத்துக்கு ஆசைப்பட்டு, வாங்கி, இழந்து, அதே நிலத்தில் காற்றாலைக்குக் காவல் இருக்கிறான். எந்த நாடகத்தையும் தழுவாத, இந்த மண்ணின் சொந்தத் துன்பியல் அது. மூட்டை தூக்குகிறவரின் பாதையை அது காட்டிவிட்டது. மூட்டை போய்ச் சேரும் வீட்டுக்குள் இன்னும் யாரும் போகவில்லை. தோட்டத்தை எப்போது, யாருக்குப் பிரித்து எழுதுவது என்று தவிக்கும் பெரியவர்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர்! ‘லியர் மன்னன்’ நாடகம் தொடங்குவதே அந்தப் பாகப்பிரிவினையில்தான். பாரதிராஜாவைத் தந்த மாவட்டம் இது. சினிமாக் கனவோடு இங்கிருந்து சென்னைக்கு பஸ் ஏறும் பிள்ளைகள் அந்த வீட்டைக் கதையாக யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கு முன், ‘ஜோஜி’யை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டு மணி நேரம்கூட ஆகாது. டப்பிங் தேட வேண்டாம், எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு அந்த மலையாளம் புரியும்.