வீணையின் குற்றமா, இணைப்பின் குற்றமா?

மேடைக் கச்சேரியைத் திறனாய்வோர் பாடாந்தரத்தை ஆராய்வர், தாளக்கட்டை ஆராய்வர், கமகச் சுத்தத்தை ஆராய்வர். ஆயின், இசை தந்தியிலிருந்து புறப்பட்டு நம் செவியை எட்டும் வழியை ஆராய்வார் மிகச் சிலரே. அவ்வழியில் நேரும் பிழைக்காக வாசித்தவர்மேல் பழி சுமத்துதல் முறையாகுமா? இதுவே ஈண்டு எழும் வினா.

சில ஆண்டுகளுக்கு முன் கலைவிழாப் போட்டி ஒன்றில் எம் தோட்டப் பள்ளி மாணவி வீணை வாசித்தாள். வகுப்பறையில் யாம் கேட்டு மகிழ்ந்த அதே வீணை, மேடையேறியதும் தகரத்தைத் தட்டினாற்போல் ஒலித்தது. போதாக்குறைக்கு ஓயாத இரைச்சல் வேறு. “மீட்டில் சுகமில்லை, இன்னும் பழக வேண்டும்” என்றார் நடுவர். அச்சிறுமி ஓராண்டுக் காலம் வீணையைத் தொடவில்லை. பிழை அவள் விரலில் இல்லை, வீணையை ஒலிபெருக்கியோடு இணைத்த முறையில் இருந்தது என்பதை யான் அறிந்தது பின்னரே.

வீணையில் ஒட்டப்படும் பிக்அப் பெரும்பாலும் பீசோ வகையைச் சார்ந்தது. அது மரத்தின் அதிர்வை மின்னலையாக மாற்றுகிறது. அதன் மின்மறுப்பு மிகப் பெரிது. மிக்சரில் மைக்குக்கென உள்ள வாயின் மின்மறுப்போ சில ஆயிரம் ஓம் அளவே. இரண்டையும் நேரே பிணைத்தால் கீழ்நாதம் தேய்ந்து, கூர்மையான ஒலி மட்டும் எஞ்சும். தகர ஓசை பிறந்தது இவ்வாறே. நீண்ட சாதாரண கேபிள், அருகிலுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும்.

இவ்விரு குறையையும் நீக்க வந்ததே டி.ஐ. பெட்டி எனப்படும் நேரிணைப்புப் பெட்டி. பேட்டரியாலோ மிக்சர் அனுப்பும் 48 வோல்ட் மின்சாரத்தாலோ இயங்கும் வகையே பீசோவுக்கு ஏற்றது. 10 லட்சம் ஓமுக்குக் குறையாத வாயுடையதாய் அப்பெட்டி அமைதல் நன்று. அது மின்னலையைக் குறைந்த மின்மறுப்புடையதாக்கி, ஒன்றுக்கொன்று எதிரான இரு வடிவில் இரு கம்பிகளில் அனுப்புகிறது. வழியில் புகும் இரைச்சல் இரண்டிலும் ஒருபடித்தாகவே ஏறும். மிக்சர் ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டுங்கால், இசை வலுக்கும். இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். நில இணைப்பு இருவழியாய்ச் சுற்றி எழும் 50 ஹெர்ட்ஸ் உறுமலைத் துண்டிக்கவும் அதில் ஒரு விசை உண்டு.

இனி, மறுப்போர் கூற்றை நோக்குவோம். “மரபிசைக்கு மின்சாரம் ஏன்?” என்பர் ஒரு சாரார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை கூறும் அரங்கு ஏழு கோல் அகலமும் எட்டு கோல் நீளமும் உடையது. இன்றோ மின்விசிறிகள் சுழலும் பெருமண்டபத்தின் கடைசி வரிசைக்கும் வீணை எட்ட வேண்டியுள்ளது. மின் மாண்டலினில் கருநாடக இசையை நிலைநாட்டிய உ. ஸ்ரீனிவாஸ் (1969–2014) வாசிப்பைக் கேட்டோர், மின்சாரமே இசைக்குப் பகை எனச் சொல்லார்.

“பெட்டி இருந்தால் போதும்” என்பர் மற்றொரு சாரார். இதுவும் பொருந்தாது. பெட்டி, பிக்அப் கொடுத்ததைக் கெடாமல் கொண்டுசேர்க்கும், கொடாததைப் படைக்காது. பிக்அப் தான் ஒட்டிய இடத்து அதிர்வையே அறியும். பலாமரக் குடத்தின் காற்று நாதத்தை அறியாது. மைக் அதனை அறியும். ஆனால் பக்கத்து மிருதங்கத்தையும் உடன் அள்ளும், உரக்க வைத்தால் ஊளையிடும். எனவே இரண்டையும் அளவறிந்து கலப்பதே அறிவுடைமை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் என்பது பழமொழி. மெய்யாகவே கூடம் கோணலாயிருக்கும் நாளும் உண்டு. ஆசிரியப் பெருமக்கள் போட்டிக்கு முன்னரே பிள்ளையை மேடையில் அமர்த்தி ஒலியைச் சோதிப்பாராக. நடுவர் பெருமக்கள், மதிப்பெண் குறைக்குமுன் அம்மேடையருகே சென்று ஒருகால் வெறுஞ்செவியால் கேட்பாராக. கருவியின் குறையைக் கருவியில் திருத்தலாம். பிள்ளையின் மனத்தில் விழுந்த கீறலைத் திருத்த எந்தப் பெட்டியும் இல்லை.