வெயிலும் சேறும்: திரையில் கண்ட அணு உலை

“சார், படத்தில் காட்டுவது போல் உண்மையிலேயே நடக்குமா?”

இயற்பியல் கற்பிக்கும் எவரும் இக்கேள்வியிலிருந்து தப்ப முடியாது. நியூட்டன் விதிகளை நடத்தும்போது வாய் திறவாத மாணவனும், திரைப்படப் பேச்சு வந்ததும் எழுந்து நின்று கேட்பான். ஆகவே அறிவியல் தொடர்பான படங்களை ஓய்வு கிடைக்கும்போது பார்த்து வைத்துக்கொள்வது என் வழக்கம். சென்ற கோடை விடுமுறையில் இரண்டு திரைப்படங்களையும் ஒரு தொலைக்காட்சித் தொடரையும் பார்த்தேன். 2013இல் வெளிவந்த ‘கிராவிட்டி’, 2015இல் வெளிவந்த ‘தி மார்ஷியன்’, 2019இல் ஐந்து பகுதிகளாக வெளிவந்த ‘செர்னோபில்’ ஆகியவை அவை. மூன்றும் புத்தம் புதியவை அல்ல. ஆயினும் மாணவர்கள் கைப்பேசியில் இன்றும் விரும்பிப் பார்ப்பவை.

மூன்றிலும் அறிவியல் பிழைகள் உண்டு. ஆனால் எல்லாப் பிழைகளையும் ஒரே தராசில் வைத்து நிறுத்தலாகாது. ஏன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

விண்வெளியில் இரு பிழைகள்

‘கிராவிட்டி’ படத்தில் ஹபிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கும் வீரர்கள் விபத்தில் சிக்குகின்றனர். முதுகில் மாட்டிய சிறு உந்துகருவியின் துணையால் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போய்ச் சேர முயல்கின்றனர். பார்ப்பதற்கு, ஆற்றின் இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீந்துவது போல் இருக்கிறது. ஆனால் ஹபிள் சுற்றும் பாதை பூமியின் நடுக்கோட்டுக்கு 28.5 பாகை சாய்ந்தது. நிலையத்தின் பாதை 51.6 பாகை சாய்ந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற, வினாடிக்குச் சுமார் 3 கிலோமீட்டர் அளவுக்குத் திசைவேகத்தை மாற்றியாக வேண்டும். முதுகுப்பையில் அடங்கும் எரிபொருளால் ஆகிற காரியமன்று.

‘தி மார்ஷியன்’ படத்தில் செவ்வாய்க் கோளில் வீசும் புயல் ஏவுகலத்தையே சாய்த்துவிடப் பார்க்கிறது. செவ்வாயின் காற்று நம் காற்றைவிட ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு அடர்த்தியே உடையது. அங்கே மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் புயல் அடித்தாலும், அது தள்ளும் தள்ளு நம் ஊரில் 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றின் தள்ளுதான். மாடியில் காயும் வேட்டி படபடக்கும், அவ்வளவே. மூலக்கதையை எழுதிய ஆண்டி வியர் இதை அறிந்தே எழுதியதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கதாநாயகன் செவ்வாயில் தனித்து விடப்பட வேண்டும். அதற்கு ஒரு புயல் தேவைப்பட்டது.

இவற்றை நான் வகுப்பில் கணக்காகக் கொடுப்பதுண்டு. மாணவர்கள் ஆவலோடு போடுவார்கள். படத்தின் சுவையும் இதனால் குறைவதில்லை. ஏனெனில் இப்பிழைகளை உண்மையென்று நம்பிய ஒருவர் நாளைக் காலையில் செய்யப்போவது ஒன்றுமில்லை. அவர் செவ்வாய்க்குப் போகப் போவதில்லை. மூன்றாவது படைப்பின் கதை வேறு.

செர்னோபில் தொடரின் சிறப்பு

1986 ஏப்ரல் 26, அதிகாலை 1 மணி 23 நிமிடம். அன்றைய சோவியத் யூனியனைச் சேர்ந்த உக்ரைனில், செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காவது உலை வெடித்தது. கிரெய்க் மேசின் எழுதி, யோஹான் ரெங்க் இயக்கிய இத்தொடர் அவ்விபத்தையும் அதன் பின்விளைவுகளையும் சொல்கிறது. இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் இரண்டு இடங்களில் எழுந்து நின்று கை தட்டலாம் போலிருந்தது.

முதலாவது, அளவி காட்டும் எண். விபத்து நடந்தவுடன் கதிர்வீச்சை அளந்தவர்கள் மணிக்கு 3.6 ராண்ட்ஜன் என்று சொல்கிறார்கள். மேலதிகாரிகள் ‘பரவாயில்லை’ என்று ஆறுதல் அடைகிறார்கள். உண்மை என்னவெனில், கையிலிருந்த கருவி வினாடிக்கு ஆயிரம் மைக்ரோராண்ட்ஜனுக்கு மேல் காட்டாது. அதை 3,600 வினாடிகளால் பெருக்கினால் சரியாக 3.6 ராண்ட்ஜன் வரும். முள் கடைசிக் கோட்டில் முட்டி நின்றது. அதை அளவீடு என்று எழுதிக்கொண்டார்கள். உண்மை அளவு சில இடங்களில் அதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு. 300 கிராம் வரை காட்டும் தராசில் யானையை ஏற்றிவிட்டு, யானையின் எடை 300 கிராம் என்று சொல்வதற்கு இது ஒப்பாகும். ஆய்வகத்தில் முள் கடைக்கோடிக்கு ஓடியதும் அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இரண்டாவது, ஐந்தாம் பகுதியின் நீதிமன்றக் காட்சி. விஞ்ஞானி வலேரி லெகசோவ் சிவப்பு அட்டைகளையும் நீல அட்டைகளையும் கையில் வைத்துக்கொண்டு உலை வெடித்த காரணத்தை விளக்குகிறார். சிவப்பு, தொடர்வினையைத் தூண்டுவது, நீலம், தணிப்பது. உலையை நெடுநேரம் குறைந்த திறனில் ஓட்டியதால், நியூட்ரான்களை விழுங்கும் செனான்-135 உள்ளே சேர்ந்தது. 3,200 மெகாவாட் வெப்பத்திறன் கொண்ட உலை 30 மெகாவாட்டுக்குச் சரிந்தது. அதைத் தூக்கி நிறுத்த, கட்டுப்பாட்டுக் கழிகளில் பெரும்பாலானவற்றை வெளியே இழுத்தார்கள். தண்ணீர் ஆவியாகத் தொடங்கியது. இவ்வகை உலையில் தண்ணீர் நியூட்ரான்களை ஓரளவு விழுங்கும்; அது ஆவியானால் தொடர்வினை மேலும் பெருகும். கடைசியாக, உலையை நிறுத்தும் பொத்தானை அழுத்தியபோது, இறங்கிய கழிகளின் முனையிலிருந்த கிராஃபைட், நிறுத்துவதற்குப் பதிலாக முதலில் தூண்டிவிட்டது. கல்லூரியில் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் பாடத்தை, அட்டைகளை வைத்துச் சில நிமிடங்களில் நடத்திக் காட்டிவிட்டார்கள்.

உண்மையில் லெகசோவ் 1987இல் நடந்த அந்த விசாரணையில் கலந்துகொள்ளவே இல்லை. அவரோடு துணைநின்று உண்மையைத் தேடும் கோம்யுக் என்ற பெண் விஞ்ஞானியும் கற்பனைப் பாத்திரம். பல விஞ்ஞானிகளை ஒருவராக்கிப் படைத்தது. இதைத் தொடரின் முடிவில் அவர்களே எழுத்தில் காட்டிவிடுகிறார்கள். கதை சொல்வோருக்கு இவ்வளவு உரிமை கொடுக்கலாம்.

குற்றம் எங்கே?

தீயணைப்பு வீரர் ஒருவர் கடும் கதிர்வீச்சுக்கு ஆளாகி மாஸ்கோ மருத்துவமனையில் கிடக்கிறார். கருவுற்ற மனைவி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்கிறார். தொடாதே, நெருங்காதே என்று எச்சரிக்கிறார்கள். கணவர் இறக்கிறார். பின்னர் பிறந்த குழந்தையும் சில மணி நேரத்தில் இறக்கிறது. தாயைக் கொல்ல வேண்டிய கதிர்வீச்சைக் குழந்தை தான் வாங்கிக்கொண்டு விட்டதாம். இது நிகழ்ந்த குடும்பம் உண்மையானது, துயரமும் உண்மையானது. அந்தத் தாய் தம் துயரை அப்படிப் புரிந்துகொண்டிருந்தால், அதில் குற்றம் காண நமக்கு உரிமையில்லை. ஆனால் தொடரில் இச்செய்தியைச் சொல்பவர் விஞ்ஞானி கோம்யுக். கேட்ட விஞ்ஞானி லெகசோவும் மறுக்கவில்லை. துயரமாக இருந்த ஒன்று அங்கே பாடமாகிவிடுகிறது.

கதிர்வீச்சு வேறு, கதிரியக்கப் பொருள் வேறு. வெயிலில் நின்றவனைத் தொட்டால் நம்மேல் வெயில் ஒட்டுவதில்லை. அவன் தோல் கருத்திருக்கலாம், கொப்புளம்கூட வந்திருக்கலாம். அது அவனோடு முடிந்தது. சேற்றில் விழுந்தவனைத் தொட்டால் நம் கையிலும் சேறு ஒட்டும். குளிப்பாட்டி, உடை மாற்றிவிட்டால் பிறகு ஒட்டாது. காமாக் கதிர் வெயில் போன்றது. கதிரியக்கத் தூசி சேறு போன்றது.

தீயணைப்பு வீரர்களின் உடையில் சேறு இருந்தது. அவற்றைக் கழற்றி மருத்துவமனையின் நிலவறையில் எறியும் காட்சியைத் தொடர் மிகச் சரியாகவே காட்டுகிறது. உடைகளைக் களைந்து கழுவிய பிறகு, மூச்சோடு உள்ளே போன சிறிதளவைத் தவிர, அவர்கள் மற்றவர்க்கு ஆபத்தானவர்கள் அல்லர். அவர்களைச் சுற்றித் திரை கட்டியதன் முக்கியக் காரணம் நேர்மாறானது. கதிர்வீச்சு அவர்களுடைய எலும்பு மச்சையை அழித்து, நோய் எதிர்ப்புச் சக்தியைப் போக்கிவிட்டது. பார்க்க வருபவரின் கிருமி அவர்களைத் தாக்காமலிருக்கவே திரை. கருவிலிருக்கும் குழந்தை, தாய்க்கு வரும் கதிரைத் தன்பால் இழுத்துத் தாயைக் காக்கும் என்பதற்கும் இயற்பியலில் இடமில்லை. 1986இல் மாஸ்கோ சென்று அந்நோயாளிகளின் சிகிச்சையில் பங்குகொண்ட அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கேல், தொடர் வெளிவந்ததும் இக்குறையைச் சுட்டி எழுதினார்.

இதனால் கதிரியக்கம் தீங்கற்றது என்று நான் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். விபத்தன்று கடும் கதிர்வீச்சு நோய்க்கு ஆளான 134 பேரில் 28 பேர் அவ்வாண்டே இறந்தனர். அயோடின்-131 என்னும் சேறு புல்லில் படிந்து, பசுவின் பாலில் கலந்து, குழந்தைகளின் தைராய்டுச் சுரப்பியில் சேர்ந்து, ஆயிரக்கணக்கானோருக்குப் புற்றுநோய் வரக் காரணமாயிற்று. சேற்றை நேரத்தில் அறிவித்து, பாலை நிறுத்தியிருந்தால் இதில் பெரும்பகுதியைத் தடுத்திருக்கலாம். எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம் என்று பிரித்தறிவதுதான் உயிர் காக்கும் அறிவு.

ஒரு மாணவனின் கணக்கு

கல்லூரி திறந்த சில நாட்களில் இளநிலை இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஆசிரியர் அறைக்கு வந்தான். கையில் ஒரு தாள்.

“சார், கோபால்ட்-60இன் அரை ஆயுட்காலம் 5.27 வருஷம்தானே?”

“ஆமாம். எதற்குக் கேட்கிறாய்?”

“பாட்டிக்குப் புற்றுநோய் சார். கோபால்ட் இயந்திரத்தில் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அக்காவின் குழந்தையை எப்போது பாட்டியிடம் விடலாம் என்று கணக்குப் போட்டேன். பத்து வருஷம் போனாலும் நாலில் ஒரு பங்கு மிச்சமிருக்கும் போலிருக்கிறதே, சார்.”

கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அடுக்குக்குறிச் சமன்பாட்டை அழகாக எழுதியிருந்தான். மெல்ல விசாரித்தேன். பாட்டிக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், தனி அறை. ஒன்றரை வயதுப் பேத்தி கதவுக்கு வெளியே நின்று அழுகிறாள். வீட்டில் அறிவியல் படித்தவன் இவன் ஒருவனே; ஆகவே இவன் சொன்னதைக் குடும்பம் அப்படியே கேட்டது. இவனுக்குச் சொல்லிக்கொடுத்தது எது? பாடநூலில் கதிரியக்கச் சிதைவுச் சமன்பாடு இருந்தது. மற்றதைத் தொடரில் பார்த்திருந்தான்.

கோபால்ட் இயந்திரத்தின் உள்ளே இருக்கிறது. பாட்டியின் உடலில் இல்லை என்று சொன்னேன். விளக்கை அணைத்தால் அறையில் வெளிச்சம் தங்குகிறதா? இயந்திரம் மூடியதும் கதிர் நின்றது. அக்கதிர் உடலிலுள்ள அணுக்களைக் கதிரியக்கமுடையவையாக மாற்றுவதும் இல்லை. தைராய்டுக்காக அயோடின்-131 மருந்து உட்கொண்டவர்களும், கதிரியக்க மூலத்தையே உடலுக்குள் பொருத்தியவர்களும் சில நாட்கள் குழந்தைகளிடமிருந்து விலகியிருக்க வேண்டியிருக்கலாம். அதை மருத்துவரே சொல்லி அனுப்புவார். உன் பாட்டிக்கு அப்படி எதுவும் சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை என்றான். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அன்று பிற்பகல் வகுப்புக்கு வராமலே ஊருக்குப் பேருந்து ஏறிவிட்டான். வருகைப் பதிவேட்டில் அவனுக்கு விடுப்புப் போட எனக்கு மனம் வரவில்லை.

ஜாமீன் நிற்கும் உண்மைகள்

இவ்வளவு நல்ல தொடர் ஒரு தவறைச் சொன்னால் என்ன குடிமுழுகிவிடும் என்று சிலர் கேட்கலாம். நல்ல தொடர் என்பதுதான் சிக்கல். செனானைச் சரியாகச் சொன்னார்கள், கிராஃபைட் முனையைச் சரியாகச் சொன்னார்கள், 3.6 என்ற எண்ணின் மர்மத்தைச் சரியாகச் சொன்னார்கள். இத்தனை உண்மைகளும் சேர்ந்து அந்த ஒரு பொய்க்கு ஜாமீன் நிற்கின்றன. பறக்கும் கார் காட்டும் மசாலாப் படத்தை எவரும் நம்புவதில்லை. கவனமாக எடுத்த படத்தை நம்புகிறோம்.

அந்த நம்பிக்கைக்கு விலை கொடுத்தவர்கள் செர்னோபில் காலத்திலேயே உண்டு. விபத்து நடந்த இடத்திலிருந்து வெகு தொலைவிலுள்ள கிரேக்க நாட்டில், கருவுக்குத் தீங்கு நேர்ந்திருக்கும் என்ற அச்சத்தால், விரும்பிச் சுமந்த கருக்களில் சுமார் 2,500 கலைக்கப்பட்டிருக்கும் என 1987இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அந்நாட்டவர் பெற்ற கதிர்வீச்சோ கருவைப் பாதிக்கும் அளவுக்கு மிகவும் குறைவானது. பொய்யின் விலை என்ன என்று கேட்டுத் தொடங்கும் தொடர் இது. அதே கேள்வியை அத்தொடரிடமும் கேட்க நமக்கு உரிமை உண்டு.

‘செர்னோபில்’ தொடரைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்; கட்டாயம் பாருங்கள். மருத்துவமனைக் காட்சி வரும்போது மட்டும் வெயிலையும் சேற்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அரை ஆயுட்காலக் கணக்கைப் பத்து முறை போடவைத்த நான், கதிர் பட்ட உடலும் தூசி படிந்த உடலும் வேறு என்று ஒருமுறைகூட வகுப்பில் சொன்னதில்லை. இந்த ஆண்டு முதல் அணுக்கரு இயற்பியலை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மறுவாரம் அந்த மாணவன் வந்தான். “பாட்டி என்ன சொன்னார்கள்?” என்று கேட்டேன்.

“ஒன்றும் சொல்லவில்லை, சார். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதுகொண்டிருந்தார்கள்” என்றான்.