திணையும் வாழிடமும்: நொச்சி, தும்பை, குமிழ் பற்றிய சங்கச் செய்யுள் வாசிப்புகள் – ஒரு திறனாய்வு

முன்னுரை

சங்கச் செய்யுட்களில் இடம்பெறும் செடிகொடிகளைப் பற்றிய தமிழாய்வு பெரும்பாலும் இரு வழிகளில் நிகழ்ந்து வந்துள்ளது. ஒன்று, பழம்பெயருக்கு உரிய தாவரத்தை அடையாளம் காணும் வழி. பி. எல். சாமி, கு. சீநிவாசன் ஆகியோரின் நூல்கள் இவ்வழியில் நிலைத்த பயன் தருவன. மற்றொன்று, திணைக் கோட்பாட்டைச் சூழலியலாக விளக்கும் வழி. ஒவ்வொரு திணைப்பெயரும் ஒரு நிலத்துப் பூவின் பெயர் என்பதிலிருந்து தொடங்கி, திணையே வாழிடப் பாகுபாடு என்னும் முடிவுக்கு இவ்வழியினர் வருகின்றனர்.

இவ்விரண்டிற்கும் இடையில் ஒரு கேள்வி போதிய கவனம் பெறவில்லை. செய்யுள் ஒரு செடியை எந்த இடத்தில் நிற்பதாகக் காட்டுகிறது, அச்செடி இயற்கையில் எத்தகைய இடத்தில் வளர்கிறது என்பதே அக்கேள்வி. இக்கட்டுரை நொச்சி, தும்பை, குமிழ் ஆகிய மூன்றை எடுத்துக்கொண்டு, செய்யுள் தரும் இடக்குறிப்பைத் திணைக்குறிப்பிலிருந்து பிரித்துப் படிக்க வேண்டும் என்று வாதிடுகிறது. அவ்வாறு படிக்கும்போது சில அடையாளங்கள் உறுதிப்படுகின்றன. சில மாற வேண்டியனவாகின்றன.

ஒரே குடும்பத்தில் மூன்று தாவரங்கள்

இம்மூன்றும் இன்றைய வகைப்பாட்டில் துளசி, புதினா ஆகியன அடங்கிய லேமியேசியே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 7000 இனங்களைக் கொண்ட பெருங்குடும்பம் இது. தும்பை தொடக்கம் முதலே இக்குடும்பத்தில் வைக்கப்பட்டது. நொச்சி, குமிழ் ஆகியவற்றின் நிலை வேறு. பெந்தம், ஹூக்கர் வகுத்த முறையில் இவை தேக்குடன் சேர்த்து வெர்பினேசியே குடும்பத்தில் வைக்கப்பட்டன. சென்னை மாகாணத் தாவரங்களைத் தொகுத்த கேம்பிளின் நூலும் அம்முறையையே பின்பற்றியது. சூல்தண்டு சூலகத்தின் அடியிலிருந்து எழுகிறதா, உச்சியிலிருந்து எழுகிறதா என்பது அக்காலத்தில் இரு குடும்பங்களையும் பிரிக்கும் முதன்மை அடையாளமாகக் கருதப்பட்டது. அவ்வடையாளம் உண்மையான உறவுமுறையைக் காட்டவில்லை என்று கான்டினோ முதலியோர் 1992இல் நிறுவினர். அதன்பின் நொச்சி, குமிழ், தேக்கு ஆகியன லேமியேசியே குடும்பத்திற்கு மாற்றப்பட்டன.

இம்மாற்றத்திற்கு முன்னர் எழுந்த தமிழ் நூல்கள் பழைய குடும்பப் பெயரைக் கூறுவது இயல்பே. அதற்குப் பின்னும் ஆய்வேடுகள் அப்பெயரையே படியெடுத்து வருவதுதான் குறை. தாவரவியல் தகவல் ஒருமுறை எழுதப்பட்டால் மாறாதது என்னும் எண்ணம் இதில் வெளிப்படுகிறது. குடும்பப் பெயரில் நேரும் இப்பிழை செய்யுளின் பொருளைப் பாதிப்பதில்லை. வாழிடத்தில் நேரும் பிழை பொருளையே மாற்றிவிடுகிறது.

நொச்சி: மனையும் நீர்நிலமும்

நொச்சி இடம்பெறும் நான்கு அகப்பாடல்களை ஒப்பிடலாம். குறுந்தொகை 138ஆம் பாடலில், ஊர் உறங்கிய இரவில் இல்லின் அயலில் உள்ள நொச்சியின் பூ உதிரும் ஓசையைத் தோழி கேட்டிருக்கிறாள். நற்றிணை 115ஆம் பாடலில் மனையில் நட்ட மௌவலோடு நொச்சியும் அரும்பு அவிழ்கிறது. நற்றிணை 246ஆம் பாடலில் மனையிலுள்ள நொச்சியின் கிளையிலிருந்து குயில் கூவுகிறது. அகநானூறு 21ஆம் பாடலில் மனையின் இளநொச்சியும் அதனோடு சேர்ந்த மௌவல் அரும்பும் தலைவியின் பற்களுக்கு உவமையாகும் காட்சியில் வருகின்றன. இவற்றுள் முதலாவது குறிஞ்சி; இரண்டாவது முல்லை; ஏனைய இரண்டும் பாலை. திணை மாறினாலும் நொச்சி நிற்கும் இடம் மாறவில்லை. நான்கிலும் அது வீட்டை ஒட்டியே நிற்கிறது.

திணையை வாழிடமாகக் கொள்வோர் இந்நான்கையும் கொண்டு நொச்சி மலையிலும் காட்டிலும் வறண்ட வழியிலும் வளரும் என முடிவு செய்யக்கூடும். செய்யுட்கள் கூறுவது அதுவன்று. மூன்று திணைகளிலும் வீடு உண்டு. வீட்டில் நொச்சி உண்டு.

புறப்பாடல்களில் வேறொரு குறிப்புக் கிடைக்கிறது. வெறிபாடிய காமக்கண்ணியாரின் புறநானூறு 271ஆம் பாடல், நீர் வற்றுவதை அறியாத நிலத்தில் வேர்கொண்ட மரமாக நொச்சியை அறிமுகம் செய்கிறது. முன்பு மகளிர் இடையில் தழையாகக் கண்ட அந்நொச்சி, இப்போது வீழ்ந்த வீரனின் மாலையாகக் குருதியில் தோய்ந்து உருமாறிக் கிடக்க, ஊன் என மயங்கிப் பருந்து அதைத் தூக்கிச் செல்கிறது. மோசிசாத்தனாரின் 272ஆம் பாடலும் மகளிர் அணியும் தழையையும் மதில் காப்போன் தலையில் சூடும் பூவையும் ஒரே மரத்தில் காண்கிறது.

இன்று நாம் காணும் நொச்சியின் வளரிடம் இக்குறிப்புகளோடு பொருந்துகிறது. வைடெக்ஸ் நெகுண்டோ எனப்படும் இக்குறுமரம் தென்னாசியா தொடங்கித் தென்கிழக்காசியா, சீனம் வரை பரவியுள்ளது. ஆற்றங்கரை, ஓடைக்கரை, ஈரம் தங்கும் தரிசு ஆகியவற்றில் தானே செறிந்து வளர்கிறது. கிளையை ஒடித்து நட்டாலும் தழைக்கும். ஆடுமாடுகள் இதன் இலையை விரும்புவதில்லை. இவ்விரு பண்புகளால்தான் ஊர்ப்புறங்களில் உயிர்வேலியாக நடப்படுகிறது. இலையைப் புகைத்துக் கொசுவை ஓட்டுவதும், தானியத்தில் இட்டுப் பூச்சியைத் தடுப்பதும் இன்றும் உள்ள வழக்கங்கள்.

மதில் காப்போன் நொச்சி சூடுவதற்குக் காரணம் தேடும் உரைகள் பெரும்பாலும் அதனைப் போர் மரபின் குறியீடு என்று கூறி நின்றுவிடுகின்றன. வீட்டைச் சூழ்ந்து நின்று காப்பதும் நீர்க்கரையில் வேர்கொள்வதும் ஆகிய இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அக்குறியீட்டின் அடிப்படை விளங்குகிறது. வேலியின் பெருவடிவம் மதில். அதனைச் சூழ்ந்திருப்பது அகழி. நிகண்டு வழக்கில் நொச்சி என்னும் சொல் மதிலையே குறிப்பதும் இங்குக் கருதத்தக்கது. தொல்காப்பியம் நொச்சியைத் தனித்திணையாக்காமல் மதில் காத்தலை உழிஞையில் அடக்குகிறது. புறப்பொருள் வெண்பாமாலையே அதைத் தனித்திணையாக வகுக்கிறது. எனவே 271, 272 ஆகிய பாடல்களின் திணைக்குறிப்பைக் காட்டிலும் பாடல்களுக்குள் உள்ள இடக்குறிப்பே நமக்கு நெருங்கிய சான்றாகும்.

மயிலடி இலை: இரு மரங்களுக்கு இடையே

குறுந்தொகை 138, நற்றிணை 115 ஆகிய இரண்டும் நொச்சி இலையை மயிலின் அடிக்கு ஒப்பிடுகின்றன. இங்கு ஓர் ஐயம் எழுவது நியாயமே. வைடெக்ஸ் ஆல்டிசிமா என்னும் மற்றொரு மரத்திற்கு மயிலை, மயிலடி என்னும் பெயர்கள் தமிழில் வழங்குகின்றன. தென்னிந்திய மலைக்காடுகளிலும் இலங்கையிலும் 20 மீட்டருக்கும் மேல் ஓங்கி வளரும் மரம் அது. அதன் இலை மூன்று சிற்றிலைகளைக் கொண்டது. நொச்சிக்கு மூன்று முதல் ஐந்து சிற்றிலைகள் உண்டு. மயிலடியில் முன்னோக்கிய விரல்கள் மூன்று என்பதால், இலை ஒன்றையே சான்றாகக் கொண்டால் மலைமரத்தையே தேர்ந்தெடுக்க நேரும். குறுந்தொகைப் பாடலில் வரும் ஏழில் என்பதை மலைப்பெயராகக் கொள்ளும்போது இவ்வாய்ப்பு மேலும் வலுவாகத் தோன்றும்.

ஆயினும் பாடலின் பிற குறிப்புகள் இதற்கு இடம் தரவில்லை. பூ நீலமணி போன்றது என்கிறது செய்யுள். மலைமரத்தின் பூ பெரும்பாலும் வெண்மை கலந்தது. கொம்பு மெல்லியது என்கிறது; ஓங்கிய காட்டுமரத்தின் பூங்கொத்துகள் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருப்பவை. எல்லாவற்றிற்கும் மேலாக அம்மரம் இல்லின் அயலது. சிறு பூ ஒன்று உதிரும் ஓசை காதில் விழ வேண்டுமானால் மரம் வீட்டுச் சுவரை ஒட்டியிருக்க வேண்டும். ஊரும் அடங்கியிருக்க வேண்டும். இரவில் வந்தும் கூடாது சென்ற தலைவனுக்கு, நாங்கள் உறங்கவில்லை என்பதைத் தெரிவிக்கத் தோழி காட்டும் சான்றே இவ்வோசைதான். காட்டில் நிற்கும் மரமானால் அச்சான்று நிற்காது. இலையின் வடிவம் இரு மரங்களுக்கும் இடம் தரும் நிலையில், வாழிடமே நொச்சியை உறுதி செய்கிறது.

தும்பை: நெய்தலின் புறம், நெய்தலின் செடியன்று

தொல்காப்பியம் தும்பையை நெய்தலுக்குப் புறனாக வைக்கிறது. இதனைக் கொண்டு தும்பையைக் கடற்கரைத் தாவரமாகக் கருதும் போக்கு மாணவர் கையேடுகளிலும் சில கட்டுரைகளிலும் உள்ளது. தும்பை எனப் பொதுவாக வழங்கும் லூக்காஸ் ஆஸ்பெரா இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்காசியா வரை சமவெளிகளில் பரவிய ஒருபருவச் செடி. உழுது விட்ட நிலம், வரப்பு, தரிசு, மேய்ச்சல் வெளி, வழியோரம் என மண் கிளறப்பட்டு வெயில் விழும் இடமெல்லாம் முளைக்கும். கடற்கரை ஊர்களிலும் அது காணப்படலாம். ஆனால் அடும்பைப் போலக் கடல்மணலுக்கு உரியதன்று.

உரையாசிரியர்கள் இவ்வகையில் தடுமாறவில்லை. தும்பைக்கும் நெய்தலுக்கும் உள்ள இயைபை விளக்கும்போது அவர்கள் நிலத்தின் விரிவு, எற்பாட்டுப் பொழுது, இரங்கல் ஆகியவற்றையே காரணமாகக் காட்டுகின்றனர். பூ எங்கே வளர்கிறது என்பதை அவர்கள் காரணமாக்கவில்லை. வாழிடத்தைத் திணைமேல் ஏற்றியவர்கள் பிற்காலத்து வாசகர்களே.

தும்பையின் உண்மையான வாழிடம் வேறொரு வாசிப்புக்கு வழி தருகிறது. நொச்சியும் உழிஞையும் எதிரெதிர்த் தரப்பினர் சூடுவன. தும்பையோ பொருதும் இரு தரப்பினரும் சூடும் பூ. எந்தவொரு நாட்டுக்கும் சிறப்பாக உரியதல்லாத, மிதிபட்ட திறந்தவெளி எங்கும் கிடைக்கும் செடி இப்பொதுமைக்குப் பொருத்தமானது. இதனை இலக்கணத்தின் கருத்து என நிறுவ முடியாது. ஒரு வாசிப்பாகவே முன்வைக்கிறேன். எனினும் கடற்கரைச் செடி என்னும் கூற்றைவிட இது செடியின் இயல்போடு ஒத்துப்போகிறது.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டும் இதற்குத் துணையாகிறது. 99 எனக் கணக்கிடப்படும் அதன் மலர்களில் தும்பையும் துழாயும் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டும் ஒரே குடும்பத்தவை என்பது தற்செயலே. அவற்றை இணைத்தது மோனை. அதே அடுக்கில் அடும்பும் நெய்தலும் தாழையும் இடம்பெறுவதால், அது மலைச்சாரலின் தாவரப் பதிவேடு ஆகாது. அதனை அவ்வாறு எண்ணிப் பட்டியலிடும் ஆய்வுகள் செய்யுளின் இசை ஒழுங்கைக் கள ஆய்வாக மயங்குகின்றன.

குமிழ்: மானின் உயரம்

குமிழ் என்றவுடன் கிமெலினா ஆர்போரியா என்னும் உயர்ந்த இலையுதிர் மரத்தைக் குறிப்பது பலரது வழக்கம். நற்றிணை 274ஆம் பாடலில், பாலை வழியில் பெண்மான் உராய்ந்ததும் குமிழின் பழங்கள் பொற்காசுகள் போல உதிர்ந்து பரவுகின்றன. மான் உராய்ந்த அளவில் பழம் உதிர வேண்டுமானால் கிளை மானின் உயரத்தில் இருக்க வேண்டும். புறநானூறு 324ஆம் பாடலில் வெள்ளாடு குமிழை உண்பதும் இவ்வாறே தாழ்ந்த கிளையை நினைவூட்டுகிறது.

நிலக்குமிழ் எனப்படும் கிமெலினா ஏசியாடிகா முள்ளுடைய புதர். வறண்ட புதர்க்காடுகளில் வளர்வது. மஞ்சள் நிறப் பழம் தருவது. பாலை வழியின் சூழலுக்கும் மானின் உயரத்திற்கும் இதுவே பொருந்துகிறது. எனவே, குறைந்தது இப்பாடலிலேனும் குமிழ் என்பது புதரையே சுட்டுகிறது எனக் கொள்ளலாம். பிற பாடல்களில் பெருமரமாகவும் இருக்கலாம். ஒரு சங்கப்பெயருக்கு ஒரே அறிவியற்பெயர் என்னும் அகராதி முறை இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. நொச்சி திணைதோறும் வேறுபடாமல் மனையிலும் நீர்நிலத்திலும் நிற்கிறது; காவற்பூவாக அது வளர்ந்த வரலாறு அவ்விடங்களிலிருந்தே விளங்குகிறது. தும்பையின் நெய்தல் தொடர்பு இலக்கணத் தொடர்பே. செடியின் பரப்பைக் காட்டுவதன்று. குமிழ் போன்ற பெயர்களைப் பாடல்தோறும் தனித்தனியே அடையாளம் காண வேண்டும்.

திணையைச் சூழலியல் எனப் போற்றும் கட்டுரைகள் தமிழரின் இயற்கை அறிவை உயர்த்துவதாக எண்ணுகின்றன. கடற்கரையில் தேடியும் தும்பையைத் தனிச்சிறப்பாகக் காணாத ஒரு தாவரவியல் மாணவர் அக்கட்டுரையை மட்டுமன்றிச் செய்யுளையும் ஐயுறுவார். அவ்வாறு ஐயுறப்பட வேண்டிய குற்றம் செய்யுளில் இல்லை. பூ உதிரும் ஓசைக்கு ஏற்ற தொலைவையும் பழம் உதிரும் உயரத்தையும் புலவர்கள் துல்லியமாக அறிந்திருந்தனர்.

இனிவரும் ஆய்வுகள் ஒவ்வொரு தாவரக் குறிப்புக்கும் நிற்கும் இடம், உயரம், நீர்நிலை, உடன்வரும் செடி, அதனைத் தொடும் விலங்கு ஆகியவற்றைப் பாடலிலிருந்தே குறித்து, கொளு தரும் திணையைத் தனி நிரலில் வைக்க வேண்டும். அந்நிரலைக் களத்தோடு ஒப்பிடும் பணிக்குக் கால நெருக்கடியும் உண்டு. உயிர்வேலி இருந்த இடங்களில் கம்பிவேலி வருகிறது. வரப்பிலும் தரிசிலும் களைக்கொல்லி தெளிக்கப்படுகிறது. வேலிநொச்சியையும் வரப்புத் தும்பையையும் பெயர்சொல்லிக் காட்டும் உழவர்களும் ஆயர்களும் இருக்கும்போதே இவ்வொப்பீட்டைத் தொடங்குவது தமிழாய்வின் கடமையாகும்.